மதிலுக்கு வெளியே ஒரு வீடு

குடும்பத்தோடு ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு மதியம் இரண்டு மணி ஒரு கண்டம். காலையில் எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். இரண்டு மணிக்கு வயதானவர்களுக்கு மூட்டு வலிக்கும், பிள்ளைகளுக்குக் கண் சொருகும், யாராவது ஒருவருக்குக் கழிப்பறை அவசரம் வந்துவிடும். கணவனும் மனைவியும் "இங்கதான் வரணும்னு சொன்னது யாரு?" என்று ஆரம்பித்திருப்பார்கள். எந்த ஊரைப் பற்றிய கையேட்டிலும் இந்த இரண்டு மணியைப் பற்றி ஒரு வரி இருக்காது. கோபுரம் எத்தனை அடி, யார் கட்டியது, நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இங்கிலாந்தின் வடக்கே யார்க் நகரத்தில் அந்தக் கண்டத்தை நாங்கள் சுலபமாகத் தாண்டினோம். காரணம், எங்கள் வீடு கூடவே வந்திருந்தது.

நம்மூரில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் ஓய்வெடுக்கும் ஏசி வண்டிதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு. இரண்டு பக்கமும் சோபா, இரவில் அதுவே கட்டில். நடுவில் காஸ் அடுப்பு, குளிர்பெட்டி, கைகழுவும் தொட்டி. மூலையில் ஒரு ஆள் திரும்ப முடிகிற அளவுக்குக் குளியலறையும் கழிப்பறையும். லெஸ்டரில் இருக்கும் என் தங்கை வீட்டில் பழைய கேரவன் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். பாளையங்கோட்டையிலிருந்து அம்மாவும் நானும் போயிருந்தபோது மே மாதக் கடைசி, பள்ளிகளுக்கு ஒரு வார விடுமுறை. "ஆச்சியைக் கூட்டிக்கிட்டு யார்க் போவோம்" என்று பிள்ளைகள் தீர்மானித்துவிட்டார்கள்.

வண்டியைப் பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "சமையலறைக்கும் கக்கூசுக்கும் நடுவுல ஒரு கதவுதானா?" என்பது. இதற்கு மாப்பிள்ளையிடம் பதில் இல்லை.

ஆங்கிலேயர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு பிடித்து நூற்றாண்டு தாண்டிவிட்டது. கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் 1885-ல் 'வாண்டரர்' என்ற பெயரில், குதிரைகள் இழுக்கும் ஒரு வண்டி வீட்டைச் செய்யச் சொல்லி அதில் ஊர் ஊராகப் போனார். பிழைப்புக்காக வண்டியிலேயே வாழ்ந்த நாடோடிகள் அதற்கு வெகு காலம் முன்பே இருந்தார்கள். உல்லாசத்துக்கென்று செய்த முதல் கேரவன் என்று அவருடையதைச் சொல்கிறார்கள். 1907-ல் கேரவன் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கமே தொடங்கிவிட்டார்கள். அந்தச் சங்கம் இன்றும் நாடு முழுவதும் முகாம்களை நடத்துகிறது.

அவற்றில் ஒன்று யார்க்கில், ஊஸ் ஆற்றின் கரையில், ரௌன்ட்ரீ பூங்காவை ஒட்டி இருக்கிறது. பெரும்பாலான நகரங்களில் கேரவன் முகாம் ஊருக்கு வெளியே ஏதாவது வயல்வெளியில் இருக்கும். பஸ் பிடித்துத்தான் ஊருக்குள் போக வேண்டும். இங்கே ஆற்றோரமாகக் கால் மணி நேரம் நடந்தால் நகரத்தின் பழைய மதில் வந்துவிடுகிறது.

லெஸ்டரிலிருந்து யார்க் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். கேரவன் இழுக்கும் கார் மோட்டார்வேயில் மணிக்கு 96 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மூன்று தடம் உள்ள இடத்தில் வலதோரத் தடத்தில் ஏறவும் கூடாது. ஆகவே லாரிகளோடு லாரியாகப் போய்ச் சேர்ந்தோம். பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை. போய் இறங்கிய பிறகு நடந்ததுதான் வேடிக்கை.

முகாமில் வண்டிக்கும் வண்டிக்கும் 6 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். தீப்பிடித்தால் பரவாமல் இருக்க இந்த விதி. வண்டியை இடத்தில் விட்டதும் மாப்பிள்ளை ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார், ஒரு சக்கரத்துக்கு அடியில் ஆப்பு கொடுத்தார், நாலு மூலையிலும் இருந்த இரும்புக் கால்களைச் சுழற்றி இறக்கினார். மின்சார வயரை முகாமின் கம்பத்தில் செருகினார். அதிகபட்சம் 16 ஆம்பியர். கெட்டிலையும் ஹீட்டரையும் மின்அடுப்பையும் ஒன்றாகப் போட்டால் பட்டென்று எல்லாம் அணைந்துவிடும். தண்ணீருக்குப் பீப்பாய் போல ஓர் உருளை உண்டு. அதைக் குழாயடிக்குக் கொண்டுபோய் நிரப்பி, கைப்பிடி மாட்டித் தரையில் உருட்டிக்கொண்டு வர வேண்டும். பிள்ளைகளுக்கு அதில் போட்டி. கழிப்பறைக்கு அடியில் இருக்கும் பெட்டியை உருவி எடுத்துப்போய்க் கழிவுத் தொட்டியில் கொட்டிக் கழுவும் வேலைக்குப் போட்டியில்லை. அது மச்சான்களுக்கு என்று தங்கை முன்பே சொல்லிவிட்டாள். காலை ஏழு மணிக்கு முகாமின் ஆண்கள் எல்லோரும் ஆளுக்கொரு பெட்டியோடு ஒருவருக்கொருவர் மரியாதையாகக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு போகும் காட்சியை எந்தச் சுற்றுலா விளம்பரத்திலும் காட்ட மாட்டார்கள்.

அம்மா அதற்குள் புளியோதரை கிளறி முடித்திருந்தாள். இரண்டு அடுப்பு, ஒரு முழ மேடை. "எங்க மாமியா வீட்டுல முதல்ல எனக்குக் கிடைச்ச அடுப்படி இதைவிடச் சின்னது" என்றாள். புளியோதரையை டப்பாவில் கட்டிக்கொண்டோம். தயிர்சாதம் குளிர்பெட்டிக்குப் போனது, இரண்டு மணிக்கு.

முகாமை ஒட்டிய பூங்காவுக்கும் ஒரு கதை உண்டு. ரௌன்ட்ரீ என்பது இந்த ஊரின் சாக்லேட் குடும்பம். குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர், மதுவை எதிர்த்தவர்கள். நாம் கடையில் வாங்கும் கிட்கேட் 1935-ல் இவர்களுடைய யார்க் தொழிற்சாலையில்தான் பிறந்தது. அந்தப் பெயர் இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது. 1988-ல் நெஸ்லே கம்பெனியை வாங்கிவிட்டது. அந்தக் குடும்பத்தின் சீபோம் ரௌன்ட்ரீ, தன் சொந்த ஊரில் வீடு வீடாகக் கணக்கெடுத்து 1901-ல் வறுமையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒரு குடும்பம் உடம்பில் தெம்போடு இருக்க வாரத்துக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஊரில் நூற்றுக்கு ஏறக்குறைய 10 பேருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை, மொத்தத்தில் ஏறக்குறைய 28 பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்று காட்டினார். வறுமைக்கோடு என்று இன்று நாம் சர்வசாதாரணமாகப் பேசுவதற்கு அவருடைய கணக்கும் ஒரு மூலம். முதல் உலகப் போரில் இறந்த தங்கள் தொழிலாளிகளின் நினைவாக அந்தக் கம்பெனி 1921-ல் ஊருக்குக் கொடுத்த பூங்கா இது. குளத்தில் வாத்துகள். சின்னவளுக்கு ஊர் பார்ப்பது அங்கேயே முடிந்துவிட்டது, இழுத்துக்கொண்டுதான் போனோம்.

ஆற்றோரப் பாதையில் நடந்தால் ஸ்கெல்டர்கேட் பாலம். அதன் அருகே மரம் மூடிய ஒரு மண்மேடு. இங்கிலாந்தை வென்ற நார்மண்டி வில்லியம் 1068, 1069 ஆண்டுகளில் இந்த ஊரை அடக்க ஆற்றின் இரு கரையிலும் ஒவ்வொரு கோட்டை கட்டினான். இக்கரைக் கோட்டையில் மிஞ்சியது இந்த மேடுதான். அதன் பக்கத்தில் படியேறினால் மதில் மேல் நிற்கிறோம்.

யார்க்கில் காசில்லாமல் கிடைக்கும் முதல் சுகம் இந்த மதில். மொத்தம் 3.4 கிலோமீட்டர். இங்கிலாந்தில் இவ்வளவு நீளமான நகர மதில் வேறெங்கும் மிஞ்சவில்லை. ரோமர்கள் கி.பி. 71-ல் இங்கே படைமுகாம் போட்டு எபோராகும் என்று பெயர் வைத்தார்கள். இன்று நடக்கிற மதிலில் பெரும்பகுதி இடைக்காலத்தில் எழுந்தது. 1800-ல் நகர நிர்வாகமே இதை இடித்துத் தள்ள அனுமதி கேட்டது. பராமரிக்கச் செலவு, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற வழக்கமான காரணங்கள்தான். எதிர்ப்பு கிளம்பியதால் மதில் தப்பியது. வாசல்களுக்கு முன்னால் இருந்த அரண்களில் ஒன்றைத் தவிர மற்றவை போய்விட்டன.

மேலே நடைபாதை ஒடுக்கமானது. ஒரு பக்கம் மார்பளவு கல்சுவர். மறுபக்கம் பல இடங்களில் கைப்பிடியே இல்லை. கீழே புல் சரிவு, அதற்கும் கீழே யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் துணி காய்கிறது. சின்னவளின் கையை மாப்பிள்ளை விடவே இல்லை. அம்மா மட்டும் நிதானமாக நடந்தாள். எதிரே வருகிற ஒவ்வொருவரும் அவளுக்காகச் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் "தேங்க்ஸ்பா" என்றாள்.

மிக்கில்கேட் வாசல் வந்தது. லண்டன் பக்கமிருந்து வரும் அரசர்கள் நுழைந்த வாசல் இது. துரோகி என்று தீர்ப்பானவர்களின் தலையை வெட்டி இதன் உச்சியில்தான் குத்தி வைப்பார்கள். 1460-ல் அரச பதவிக்கு உரிமை கொண்டாடிப் போரில் இறந்த யார்க் பிரபு ரிச்சர்டின் தலைக்கும் அந்தக் கதிதான். அதற்குக் காகிதக் கிரீடம் சூட்டினார்களாம். பெரியவனுக்குப் பதினோரு வயது. தலை எத்தனை நாள் இருக்கும், காக்கை கொத்துமா என்று மாமாவை விசாரித்துக்கொண்டே வந்தான்.

வாசலைத் தாண்டி மதில் ரயில் நிலையத்தின் முன்னால் வளைகிறது. இங்கிருந்து பார்த்தால் ஒருபுறம் ரயில் நிலையம், மறுபுறம் ஊருக்கு மேலே எழுந்து நிற்கும் மின்ஸ்டர் பேராலயம். யார்க்கை ஒரே பார்வையில் விளக்க வேண்டுமென்றால் இந்த இடத்தில்தான் நிறுத்துவேன். ரயில் வந்த புதிதில், 1841-ல், நிலையத்தை மதிலுக்கு உள்ளேயே கட்டினார்கள். மதிலில் வளைவு குடைந்து ரயிலை உள்ளே விட்டார்கள். அந்த வளைவுகளின் மேலேதான் நாம் நடக்கிறோம். இடம் போதாமல் 1877-ல் வெளியே பெரிய நிலையம் கட்டிக்கொண்டார்கள். அது இன்றும் ஓடுகிறது.

நிலையத்துக்குப் பின்புறம் தேசிய ரயில்வே அருங்காட்சியகம். 1975-ல் திறந்தது. அனுமதி இலவசம். பிள்ளைகள் இருக்கிற குடும்பம் யார்க்கில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பார்க்கட்டும் என்பது என் கட்சி. பெரிய கூடத்தின் நடுவே எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடை. பழைய எஞ்சின் கொட்டகையாக இருந்த இடம் அது. சுற்றிலும் எஞ்சின்கள் முகத்தை நடுவில் வைத்து நிற்கின்றன. நீல நிற 'மல்லார்ட்' 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்டது. அதாவது 203 கிலோமீட்டர். நீராவி எஞ்சினில் அதுதான் இன்றுவரை உலக சாதனை. அந்த ஓட்டத்திலேயே ஒரு பேரிங் சூடாகிப் போய், வண்டியைக் கழற்றிவிட வேண்டி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஜப்பானின் முதல் தலைமுறை புல்லட் ரயில் பெட்டி ஒன்று. உள்ளே போய் உட்காரலாம்.

எனக்குப் பிடித்தது 'எல்லர்மன் லைன்ஸ்' என்ற எஞ்சின். அதன் ஒரு பக்கத்தை நீளவாக்கில் வெட்டித் திறந்து வைத்திருக்கிறார்கள். கரி போடும் அடுப்பு, அடுப்பின் சூட்டைக் கொதிகலனுக்குள் கொண்டுபோகும் குழாய்கள், நீராவி போய் உந்தும் சிலிண்டர், எல்லாம் கண்ணெதிரே. தண்ணீர் குழாய்க்குள் ஓடுகிறது என்றுதான் பெரியவன் நினைத்திருந்தான். குழாய்க்குள் போவது நெருப்பின் புகை, தண்ணீர் அதைச் சுற்றி நிற்கிறது என்று புரிந்ததும் மூன்று முறை சுற்றி வந்து பார்த்தான். அம்மா அந்த அடுப்பின் வாயைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "செங்கோட்டை வண்டியில எங்கப்பா ஜன்னலோரம் உட்கார விடமாட்டார். கண்ணுல கரி விழும்பார். விழும். விழுந்தாலும் உட்காருவோம்."

கூடத்தின் இன்னொரு பக்கம் சீனாவில் ஓடிய பிரம்மாண்டமான எஞ்சின் ஒன்று நிற்கிறது. 1935-ல் இங்கிலாந்தின் வல்கன் ஃபவுண்டரியில் செய்து அனுப்பியது. பல காலம் உழைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. அந்த ஆலையின் பெயரைப் பார்த்ததும் நான் நின்றேன். 1853-ல் பம்பாயிலிருந்து தாணேக்கு ரயில் விட்ட கம்பெனிக்கு எஞ்சின்கள் போனதும் அதே ஆலையிலிருந்துதான். அவை எதுவும் இப்படித் திரும்பி வந்து கூரைக்குக் கீழே நிற்கவில்லை.

புளியோதரை டப்பா காலியானபோது மணி ஒன்றரை. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தாள். சின்னவள் புல்லட் ரயில் சீட்டில் படுத்தே விட்டாள்.

இங்கேதான் கேரவன் தன் வாடகையைச் சம்பாதித்தது. தங்கை ஒரு டாக்சி பிடித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போய்விட்டாள். தயிர்சாதம், மாவடு, இரண்டு மணி நேரத் தூக்கம். ஹோட்டலில் தங்கியிருந்தாலும் அறைக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். ஊரின் நடுவில் ஆறு பேருக்கு இரண்டு அறை எடுக்கிற செலவு ஒருபுறம் இருக்கட்டும். வாய்க்குப் பிடித்த சோறு அறையில் இருக்காது. அறுபது வயதைத் தாண்டிய தமிழ்த் தாயாரோடு ஐரோப்பா சுற்றியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சின்னவள் மட்டும் டாக்சியில் ஏற மறுத்தாள். தூக்கம் போய்விட்டது, வைகிங் பீ பார்க்க வேண்டும் என்றாள். மாப்பிள்ளை பிள்ளைகள் இருவரையும் யோர்விக் காட்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். வடகடல் தாண்டி வந்த வைகிங்குகள் 866-ல் இந்த ஊரைப் பிடித்தார்கள். காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை தோண்டியபோது அவர்கள் காலத்து வீடு, தோல் செருப்பு, மரச் சாமான் எல்லாம் ஈரமண்ணில் மக்காமல் கிடைத்தன. தோண்டிய அதே இடத்தில் 1984-ல் காட்சிக்கூடம் திறந்தார்கள். சின்ன வண்டியில் உட்கார்த்தி அந்தக் காலத் தெருவுக்குள் கூட்டிப்போகிறார்கள். சாக்கடை நாற்றம்கூடச் செய்து வைத்திருக்கிறார்கள். அங்கே நட்சத்திரம், 1972-ல் ஒரு வங்கிக் கட்டடத்துக்காகத் தோண்டும்போது கிடைத்த வைகிங் மனிதர் ஒருவரின் கல்லாகிப்போன மலம். "மாமா, இருபது சென்டிமீட்டர்!" என்று திரும்பி வந்ததும் சின்னவள் கை விரித்துக் காட்டினாள். ஆயிரம் வருடச் சரித்திரத்தில் அவள் மனதில் நின்றது அதுதான். பாடம் நடத்தத் தெரிந்தவர்கள் என்றுதான் அவர்களைச் சொல்ல வேண்டும்.

நான் ஷாம்பிள்ஸ் தெரு வழியாக மின்ஸ்டருக்கு நடந்தேன். எல்லோரும் படம் எடுக்கும் தெரு அது. இருபுறமும் மேல்மாடிகள் முன்னுக்கு நீட்டி, எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகக் கைகுலுக்கிக்கொள்ளலாம் போல நெருங்கி நிற்கும். ஒரு காலத்தில் முழுக்க இறைச்சிக் கடைகள். வெயில் பட்டு இறைச்சி கெடாதிருக்க அந்த நெருக்கம் உதவியது. 1872-ல் 25 கடைகள் இருந்தன, இன்று ஒன்றுகூட இல்லை. கடை முகப்பில் இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகள் மட்டும் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே மந்திரக்கோலும் மந்திரவாதித் தொப்பியும் விற்கிறார்கள். ஹாரி பாட்டர் படத்தின் எந்தக் காட்சியும் இங்கே எடுக்கப்படவில்லை. ஆனாலும் வரிசை வாசலைத் தாண்டி நீள்கிறது. காலை எட்டு மணிக்கு முன்பு போக முடிந்தால் போங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

மின்ஸ்டர் அப்படியல்ல. இன்று நிற்கும் பேராலயத்தை 1220 வாக்கில் தொடங்கி 1472-ல் முடித்தார்கள். நடுவில் 1407-ல் மையக் கோபுரமே இடிந்து விழுந்தது. கட்டணம் கொஞ்சம் உறைக்கும்தான். உள்ளே கிழக்குக் கோடியில் இருக்கும் பெரிய ஜன்னலுக்காகக் கொடுக்கலாம். 1405-லிருந்து 1408 வரை மூன்று வருடத்தில் கோவென்ட்ரியைச் சேர்ந்த ஜான் தார்ன்டன் என்ற கலைஞர் தன் ஆட்களோடு செய்தது. 300-க்கும் மேற்பட்ட கண்ணாடிச் சித்திரங்கள். உலகம் பிறப்பதில் தொடங்கி உலகம் அழிவதில் முடிகிறது. அவருக்குப் பேசிய கூலி 56 பவுண்டு. 2008-ல் எல்லாக் கண்ணாடியையும் கழற்றி இறக்கி, ஒவ்வொன்றாகத் துடைத்துச் சீர்செய்து மறுபடி ஏற்றி முடிக்க 2018 ஆகிவிட்டது. செய்ததைவிடத் துடைக்க மூன்று மடங்கு காலம்.

தெற்குக் கையில் வேறொரு கதை. 1984 ஜூலை 9 அதிகாலை இந்தப் பகுதியின் கூரை தீப்பிடித்தது. மின்னல்தான் காரணமாக இருக்கும் என்று சொன்னார்கள். மேலே இருக்கும் ரோஜா ஜன்னலின் கண்ணாடி பல்லாயிரம் கீறல் விட்டும் கீழே விழாமல் நின்றது. கூரையைப் புதிதாகக் கட்டும்போது, மரச்சட்டங்கள் சந்திக்கும் இடங்களில் வைக்கும் செதுக்குக் குமிழ்களில் சிலவற்றைக் குழந்தைகள் வரைந்து தரட்டும் என்று பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சி ஒன்று போட்டி வைத்தது. ஜெயித்த படங்களைச் செதுக்கி மேலே ஏற்றிவிட்டார்கள். அண்ணாந்து தேடினால், இடைக்காலப் பேராலயத்தின் கூரையில் நிலவில் கால் வைத்த மனிதன் இருக்கிறான். கழுத்து வலிக்கும்வரை தேடிக் கண்டுபிடித்தேன்.

தென்வாசலுக்கு வெளியே சிம்மாசனத்தில் சாய்ந்தபடி கான்ஸ்டன்டைன் சிலை. தகப்பன் இந்த ஊரில் இறந்ததும், 306-ல், படைவீரர்கள் அவனை இங்கேயே ரோமப் பேரரசன் என்று அறிவித்தார்கள். ரோமை ஆள்கிறவன் யார் என்பதை அன்று இந்தக் குளிர் ஊர் முடிவு செய்தது. அந்தச் சிலையடிதான் நாங்கள் எல்லோரும் மாலையில் சந்திப்பதாகப் பேசிவைத்த இடம். அம்மா தூங்கி எழுந்து, முகம் கழுவி, வேறு புடவை கட்டி, ஃப்ளாஸ்கில் காப்பியோடு வந்தாள்.

மாலை வழிபாட்டுக்கு மின்ஸ்டரில் யாரும் காசு கொடுக்க வேண்டாம். எந்த மதத்தவரும் போகலாம். பாடகர்கள் உட்காரும் மரவேலைப்பாட்டு இருக்கைகளுக்கு நடுவில் நம்மையும் உட்கார்த்துகிறார்கள். 1829-ல் ஜோனதன் மார்ட்டின் என்ற ஒருவன் இரவில் ஒளிந்திருந்து தீ வைத்ததில் பழைய இருக்கைகள் எரிந்துபோயின. இவை அதற்குப் பின் செய்தவை. பாட்டு எழுந்தபோது சொற்கள் கூரைக்குப் போய்த் தாமதித்து இறங்கின. பிள்ளைகள் ஆடாமல் உட்கார்ந்திருந்தது எனக்கே ஆச்சரியம். முடிந்து வெளியே வந்ததும் அம்மா, "ஓதுவார்களுக்கு இங்க நல்ல மரியாதை இருக்கு" என்றாள். நெல்லையப்பர் கோயிலில் பாட்டு நடக்கும்போது பக்கத்தில் நின்று செல்போனில் பேசுகிறவர்களை மனதில் வைத்துச் சொன்னது அது.

திரும்பும்போது அவசரமில்லை. மே கடைசியில் அங்கே ஒன்பது மணிக்கு மேல்தான் பொழுது சாய்கிறது. ஊஸ் பாலத்தடியில் கிங்ஸ் ஸ்டெய்த் என்ற படித்துறை. அங்குள்ள மதுக்கடைக்குள் வருடாவருடம் ஆறு வந்துபோகும். வெள்ளம் ஏறிய உயரங்களை வருடத்தோடு குறித்து வைத்திருக்கிறார்கள். 2000 நவம்பரில் ஆறு வழக்கமான மட்டத்தைவிட 5.4 மீட்டர் உயர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் யோர்விக் காட்சிக்கூடத்துக்குள் தண்ணீர் புகுந்து, மறுபடி திறக்க 2017 ஏப்ரல் ஆனது. பெரியவன் ஆற்றைப் பார்த்தான், பிறகு எங்கள் முகாம் இருக்கும் தென்திசையைப் பார்த்தான். "நம்ம கேரவனுக்கு வராதா மாமா?" என்றான். நியாயமான சந்தேகம்.

கிளிஃபர்டு கோபுரத்தின் அடியில் வழி போகிறது. பச்சை மேட்டின் மேல் கல்கோபுரம்; படம் எடுக்க அழகாக இருக்கும். அதற்கு முன் அங்கிருந்தது மரக்கோபுரம். 1190 மார்ச்சில் ஊரில் யூதர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது ஏறக்குறைய 150 பேர் அதற்குள் அடைக்கலம் புகுந்தார்கள். வெளியே கூட்டம் சூழ்ந்துகொண்டது. பலர் தங்கள் குடும்பத்தாரைக் கொன்று தாங்களும் உயிரை விட்டார்கள், கோபுரம் எரிந்தது, உயிருக்கு உறுதி கொடுத்து வெளியே வரவழைத்தவர்களையும் வெட்டினார்கள். பிறகு கூட்டம் நேரே மின்ஸ்டருக்குப் போய், அங்கே பத்திரப்படுத்தியிருந்த கடன் பத்திரங்களை எடுத்து எரித்தது. கலவரத்தின் முன்வரிசையில் இருந்தவர்கள் யூதர்களிடம் கடன் வாங்கியவர்கள். மேட்டின் அடியில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. பிள்ளைகள் அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். தங்கை மறைக்காமல் சொன்னாள்.

பிறகு ஃபாஸ் ஆறு ஊஸில் கலக்கும் இடத்தில் ஒரு சின்ன நீலப் பாலம், அதைத் தாண்டினால் மரநிழல் பாதை. மிலேனியம் பாலத்தில் ஏறி அக்கரைக்குப் போனால் ரௌன்ட்ரீ பூங்காவின் தென்கோடி, முகாம். காலையில் ஆற்றின் மேற்குக் கரையில் போய் மாலையில் கிழக்குக் கரையில் திரும்பியதால், நடந்த வழியிலேயே மறுபடி நடக்கவில்லை. இந்தச் சுற்றை யாருக்கும் தைரியமாகச் சொல்வேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. கேரவன் சொந்தமாக வேண்டியதில்லை. பிரிட்டனில் வாடகைக்குக் கிடைக்கிறது, ஓட்டி வரும் மோட்டார்ஹோமும் கிடைக்கிறது. இந்த முகாமில் இடம் வெகு சீக்கிரம் நிரம்பிவிடும், விடுமுறை வாரம் என்றால் பல மாதம் முன்பே பதிந்துவிடுங்கள். மே, ஜூன் உத்தமம்; ஆறு பெருகினால் கரையோரப் பாதை முதலில் முழுகும், ஆகவே நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வேறு ஊர் பாருங்கள். மதிலும் ரயில் அருங்காட்சியகமும் மாலை வழிபாடும் இலவசம். மின்ஸ்டருக்கும் யோர்விக்கும் மட்டும் பணம் எடுத்து வையுங்கள். கழிவுப் பெட்டியை யார் தூக்குவது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.